எத்தனை பேசி மாற்றினால் தமிழ் வரும்?

சென்னிமலையில் போர்வை நெய்பவர் துணியின் அகலம் மாறினால் அச்சை மாற்றுவார். தறியைத் தூக்கி எறியமாட்டார். திறன்பேசி விஷயத்தில் நம் தமிழாசிரியர்களுக்கு இந்த விவேகம் வாய்க்கவில்லை. 'இதில் தமிழ் அடிக்க வரவில்லை' என்று ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கும், அங்கிருந்து மறுபடி ஆண்ட்ராய்டுக்கும் தாவுகிறார்கள். தாவிய பிறகும் மாணவர்க்கு அனுப்பும் 'நாளை வகுப்பு இல்லை' ஆங்கில எழுத்திலேயே போகிறது.

குறை கருவியில் இருந்த காலமும் உண்டு, நாம் மறுக்கவில்லை. தொடக்ககால ஆண்ட்ராய்டில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. ஆனால் 2005லேயே மலேசியாவின் முத்து நெடுமாறன் பொத்தான் பேசிகளுக்குச் செல்லினத்தைக் கொடுத்துவிட்டார். 2013இல் ஐஓஎஸ் 7 தமிழ்99 விசைப்பலகையோடே வந்தது. ஆண்ட்ராய்டில் செல்லினத்தை நிறுவினால் அதே தமிழ்99. பிறகு எதைத் தேடி இந்த அலைச்சல்?

பேசிக்குப் பேசி மாறுவது விசைகளின் இடம். கூட வந்த பலகையையே ஏற்றுக்கொண்டால் விரல் ஒவ்வொரு முறையும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியதுதான். 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99இல் உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய் பெரும்பாலும் வலப்பக்கம்; 'க'வை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் ஆவதை வகுப்பில் நடத்துகிறவர்கள், 'அம்மா'வுக்கு ஏ, எம், எம், ஏ, ஏ என்று கூட்டுவதை என்னென்பது! வாயால் சொன்னால் அதுவே எழுதிக்கொள்ளுமே என்பாரும் உண்டு. ஆசிரியர் அறையில் நால்வர் நடுவே சொல்லிப் பார்க்கட்டும்.

சக ஆசிரியர்களிடம் நாம் கேட்பது இவ்வளவே: இருக்கிற பேசியில் ஒரு மாதம் தமிழ்99 பழகுங்கள். அதன்பின்னும் போதவில்லையெனில் கடைக்குப் போங்கள். அங்கேயும் கேமராவை விசாரிக்குமுன் தமிழ்ப் பலகையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.