துளை ஏன் தாவியது?

என் டிராயிங் போர்டு தாம்பரம் வீட்டுப் பரணில் தூங்குகிறது. இப்போது பேரன் தயவில் ஃப்ரீகேட் என்ற மென்பொருளில் வரைகிறேன். இலவசம், பென்ஷன்காரனுக்குத் தோது.

2002-இல் தொடங்கிய இந்த மென்பொருளில் வெகுகாலம் ஒரு கோளாறு இருந்தது. ஒரு பிளேட் வரைந்து, அதன் மேல்பக்கத்தில் துளை போடுகிறீர்கள். பிறகு முதலில் கொடுத்த அளவு ஒன்றைத் திருத்தினால், மென்பொருள் பக்கங்களுக்கு எண்ணை மாற்றிப் போட்டுவிடும். துளை வேறு பக்கத்துக்குத் தாவும், இல்லையென்றால் படமே கெடும். டிரேசிங் ஷீட்டில் பிளேடால் ஒரு கோட்டைச் சுரண்டினால் அடுத்த கோடு எழுந்து ஓடியதுண்டா!

வரைபவர்கள் ஆண்டுக்கணக்காக இதைச் சொல்லி வந்தார்கள். “அந்தப் பக்கத்தை நம்பி வரையாதே, தனித் தளம் போட்டு வரை” என்பதே வெகுநாள் பதில். அதை நான் பதிலாகவே ஏற்க மாட்டேன். நல்லவேளை, கோளாறைப் பெரும்பாலும் சரிசெய்த பிறகே, 2024 நவம்பரில், 1.0 என்ற எண்ணைக் கொடுத்தார்கள். பத்துப் புதுப் பொத்தான் சேர்ப்பதைவிட இதுதான் பயனாளிக்குத் தரும் மரியாதை. (பொத்தான்களை இடம் மாற்றிவிட்டுப் புது வசதி என்பவர்களும் உண்டு. தேடுவதற்குள் என் காபி ஆறிவிடுகிறது.)

பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு முன் படங்களுக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள்.