மேல்வானத்து ஈரத்துக்கும் கணக்கு வேண்டும்

பாலராமபுரம் சாலியர் தெருவில் நெசவுக்கான பாவு நூலை நீட்டிக் கட்டி, கஞ்சிப்பசை ஏற்றித் தெருவிலேயே காயவைக்கிறார்கள். நடுவில் ஒரு மழை விழுந்தால் உழைப்பு பாழ். நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கத்து வாழைக்காரர்களுக்கும் துலாவர்ஷம் எனும் வடகிழக்குப் பருவத்து இடிமழை தீராத தலைவலி. இவர்கள் நம்பியிருக்கும் முன்னறிவிப்புக்குத் தரவு தருபவற்றில் ஒன்று, திருவனந்தபுரத்தில் வானிலைத் துறை பறக்கவிடும் பலூன்.

அது அனுப்பும் அளவுகளில் வம்பு பிடித்தது ஈரப்பதம். 30 டிகிரியில் காற்று தாங்கும் நீராவி, மைனஸ் 70 டிகிரியில் தாங்குவதைப் போல் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். இரண்டையும் பலூன் சுமக்கும் கருவியின் ஒரே மெல்லிய பாலிமர் படலம் அளந்தாக வேண்டும். கடுங்குளிரில் அது மந்தமாகிறது. ஒரு நிமிடம் தாமதித்தால் பலூன் முந்நூறு மீட்டர் ஏறிவிடும். வெயில் பட்டாலோ படலம் சூடேறி, காற்றை உள்ளதைவிட உலர்ந்ததாகக் காட்டுகிறது. இங்கே காலைப் பலூன் இருட்டில் கிளம்புகிறது, மாலைப் பலூன் வெயிலில். திருத்தாமல் ஒப்பிட்டால் கருவியின் கோளாறு வானிலை மாற்றமாக வேஷம் போடும்.

இது வெறும் பயமல்ல. 1992-93இல் மேற்குப் பசிபிக்கில் நடந்த பெரும் பன்னாட்டு ஆய்வில் பலூன் கருவிகள் காற்றை உள்ளதைவிட உலர்ந்ததாகக் காட்டின. கருவியைச் சுற்றிய பொதியிலிருந்து கசிந்த வாயு படலத்தில் படிந்ததே காரணம் என்று பிறகுதான் தெரிந்தது. திருத்திய பின்னரே, இடிமழைக்கு வானம் எவ்வளவு தயாராக இருந்தது என்பது புலப்பட்டது.

எனவே நாம் கேட்பது இது: அடியில் நீர் நிற்பதால் ஈரம் நிறைந்திருக்கும் சிறு கூண்டுக்குள் ஒவ்வொரு கருவியையும் வானிலைத் துறை வைத்துப் பார்த்து, அது காட்டும் ஈரப்பதம் நூறு சதவீதத்துக்கு எவ்வளவு குறைகிறது என்பதைப் பறப்புக்கு முன் பதிவு செய்யட்டும். செய்த திருத்தத்தையும் திருத்தாத அளவையும் சேர்த்தே பொதுவில் வைக்கட்டும். ஆண்டில் சில முறை, குளிர்கண்ணாடியில் பனி படியும் வெப்பநிலையை அளக்கும் உயர்தரக் கருவியை அதே பலூனில் கட்டி ஒப்பிடட்டும்.

செயற்கைக்கோள் இருக்கிறதே என்பார்கள். அது அளக்கும் அகச்சிவப்புக் கதிரை மேகம் மறைத்துவிடும். நமக்கு விவரம் வேண்டியதோ மேகம் திரளும் நாளில்தான். செலவு என்பார்கள். நெய்யாறு பிறக்கும் அகத்தியமலையின் மேலேயே 1855இல் திருவிதாங்கூர் அரசின் வானியலாளர் ஜான் ஆலன் பிரவுன் ஆய்வுக்கூடம் அமைத்தார், கூலிகள் சுமந்து ஏறிய காலத்தில். அன்று திருவிதாங்கூர் செய்த செலவை நினைத்தால் இந்தச் சாக்கு எடுபடாது. ஒப்பீட்டுப் பறப்புகளின் செலவில் ஒரு பங்கை மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஏற்கலாம். அடுத்த துலாவர்ஷத்துக்கு முன்பே தொடங்கவும் செய்யலாம்.