வருமானத்தை விட்டுட்டு ரிட்டர்ன் போட்டாச்சா? டிசம்பர் 31-க்குள்ள திருத்திடுங்க

டாக்டருக்கு இன்கம்டாக்ஸ்ல என்ன வேலைன்னு கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிடறேன். சமீபமா என் ஓ.பி.க்கு பிரஷர் ஏறி வர்றவங்கள்ல சிலருக்கு உப்பு காரணம் இல்லை. வருமான வரித் துறையிலிருந்து வந்த ஒரு எஸ்.எம்.எஸ். தான் காரணம்.

நான் ஆடிட்டர் இல்லை. உங்க கணக்கை முடிவா பார்க்க வேண்டியவர் உங்க ஆடிட்டர்தான். ஆனா பயம் எப்படி ஒரு மனுஷனைத் தப்பான முடிவு எடுக்க வைக்கும்னு தினமும் பார்க்கிறவன். நெஞ்சுவலி வந்தா "கேஸ் பிரச்சினையா இருக்கும்"னு மூணு நாள் கழிச்சு வர்ற மாதிரிதான் இதுலயும் நடக்குது. விட்டுப்போன வருமானத்தைக் கண்டுபிடிச்சதும் திருத்துறதை விட்டுட்டு, "அவங்க கேட்டா பார்த்துக்கலாம்"னு உட்கார்ந்துடறாங்க. என் கருத்துல, மறந்ததை விட இந்தக் காத்திருப்புதான் பெரிய செலவு.

விஷயத்துக்கு வருவோம்.

இந்த வருஷம் (2024-25 நிதியாண்டு, அதாவது மதிப்பீட்டு ஆண்டு 2025-26) பெரும்பாலானவங்களுக்கு ரிட்டர்ன் போட வேண்டிய கடைசி நாள் ஜூலை 31-லிருந்து செப்டம்பர் 15-க்குப் போய், கடைசியில் 16-ல முடிஞ்சது. போட்ட ரிட்டர்ன்ல ஏதாவது விட்டுப்போயிருந்தா டிசம்பர் 31, 2025 வரைக்கும் திருத்திய ரிட்டர்ன் போடலாம். இதைத்தான் வருமான வரிச் சட்டத்தின் 139(5) பிரிவு சொல்லுது. இதுக்குத் தனிக் கட்டணம் கிடையாது, அபராதம் கிடையாது. கட்ட வேண்டிய வரி பாக்கி இருந்தா அது, அதுக்கு வட்டி வந்தா வட்டி, அவ்வளவுதான். ரீஃபண்ட் ஏற்கெனவே கைக்கு வந்துட்டாலும் திருத்தலாம். புதுசா போடுற ரிட்டர்ன் பழையதோட இடத்தைப் பிடிச்சுக்கும்.

விட்டுப்போறது பெரும்பாலும் என்ன தெரியுமா? பினாமி சொத்தும் இல்லை, ஸ்விஸ் வங்கியும் இல்லை. எஃப்.டி. வட்டி. சேமிப்புக் கணக்கு வட்டி. பழைய கம்பெனியில வேலை பார்த்த நாலு மாச சம்பளம். மியூச்சுவல் ஃபண்ட் விற்ற லாபம். எங்க ஆளுங்கன்னா, ஒரு ஆஸ்பத்திரியில சம்பளம் வாங்கிட்டு சாயங்காலம் இன்னொரு ஆஸ்பத்திரியில பார்க்கிற கன்சல்டேஷன் ஃபீஸ்.

எல்லாருக்கும் காரணம் ஒண்ணுதான்: "அதுக்குத்தான் டி.டி.எஸ். பிடிச்சுட்டாங்களே!"

இந்த ஒரு வாக்கியத்தை ஊரை விட்டே துரத்தணும். டி.டி.எஸ். என்பது முன்பணம் மாதிரி. வங்கிக்கு உங்க மொத்த வருமானம் தெரியாது. அது பாட்டுக்கு 10 சதவீதம் பிடிச்சு அரசாங்கத்துக்கிட்ட கொடுத்துட்டு, உங்க பான் எண்ணையும் சேர்த்துச் சொல்லிடுது. முழுக் கணக்கை முடிக்கிற வேலை உங்களோடது.

15-எச் ஃபார்ம் கொடுத்தவங்க இன்னும் பாவம். "ஃபார்ம் கொடுத்துட்டேன், அதனால வரி இல்லை"ன்னு நினைக்கிறாங்க. அந்த ஃபார்ம், எனக்கு இந்த வருஷம் வரியே வராதுன்னு நீங்க வங்கிக்குக் கொடுக்கிற உறுதிமொழி. வரி வரும்போது கொடுத்தா அது பொய்யான உறுதிமொழி ஆயிடும். பெரியவங்களுக்கு வங்கியில இதை யாரும் விளக்குறதில்லை. கையெழுத்து போடுற இடத்துல பென்சில்ல ஒரு டிக் போட்டு நீட்டறாங்க, அவ்வளவுதான்.

என்கிட்ட ரெகுலரா வர்ற ஒரு ரிட்டையர்டு டீச்சர். வழக்கமா 130/80 இருக்கிறவங்க, போன மாசம் 170/100. மாத்திரை விட்டுட்டீங்களாம்மான்னா இல்லைங்கறாங்க. கொஞ்சம் பேச்சுக் கொடுத்ததும் கைப்பையிலிருந்து போனை எடுத்து மெசேஜைக் காட்டினாங்க. உங்க வட்டி வருமானம் ரிட்டர்ன்ல இருக்கான்னு சரிபாருங்க என்கிற மாதிரி ஒரு தகவல். "தம்பி, 34 வருஷம் சர்வீஸ். ஒரு மெமோ வாங்கினதில்லை. வீட்டுக்கு ஆள் வருவாங்களா?"ன்னு கேட்டாங்க. பத்து நாளா தூக்கம் இல்லை. பையன்கிட்ட சொல்லலை, மருமகளுக்குத் தெரிஞ்சா அசிங்கம்னு.

நடந்தது ரொம்ப சாதாரணம். பஸ் ஸ்டாண்டு பக்கத்து நெட் சென்டர்ல பென்ஷன் தாளை மட்டும் வாங்கி ரிட்டர்ன் போட்டிருக்காங்க. ரிட்டையர் ஆன பணம் எஃப்.டி.யில இருக்கறதை அந்தப் பையன் கேட்கவும் இல்லை, இவங்க சொல்லவும் இல்லை.

இந்த மாதிரி ஒருத்தர் கணக்கைப் பார்ப்போம் (எண்கள் என்னோடது, அவங்களோடது இல்லை). வருஷ பென்ஷன் 7,20,000. புதிய வரி முறையில் நிலைக் கழிவு 75,000 போனா 6,45,000. இது 7 லட்சத்துக்குள்ள இருக்கறதால தள்ளுபடி கிடைச்சு வரி பூஜ்யம். இப்போ விட்டுப்போன எஃப்.டி. வட்டி 1,80,000-த்தைச் சேர்த்தா 8,25,000. தள்ளுபடி எல்லையைத் தாண்டியாச்சு. வரி, செஸ் சேர்த்து 33,800. வங்கி பிடிச்ச டி.டி.எஸ். 18,000 போக மீதி 15,800.

("12 லட்சம் வரை வரி இல்லைன்னு டிவியில சொன்னாங்களே"ன்னு கேட்பீங்க. அது ஏப்ரல் 2025-க்கு அப்புறம் வர்ற வருமானத்துக்கு. அடுத்த வருஷம் போடப்போற ரிட்டர்ன்ல வரும். "சீனியர் சிட்டிசனுக்கு 50,000 வரை வட்டிக்குக் கழிவு உண்டே"ன்னும் கேட்பீங்க. அது பழைய வரி முறையில மட்டும்தான்.)

டிசம்பர் 31-க்குள்ள திருத்தினா அந்த 15,800-ஓட முடிஞ்சது. விட்டுட்டா?

அதுக்கப்புறம் இருக்கிறது அப்டேட்டட் ரிட்டர்ன், ஐ.டி.ஆர்.-யு. 2022-ல கொண்டுவந்தாங்க. அப்போ ரெண்டு வருஷம்தான் அவகாசம், 2025 பட்ஜெட்டில் நாலு வருஷம் ஆக்கிட்டாங்க. ஆனா இதுக்கு விலை உண்டு. மதிப்பீட்டு ஆண்டு முடிஞ்ச முதல் வருஷத்துக்குள்ள போட்டா வரி, வட்டி ரெண்டும் சேர்ந்த தொகையில 25 சதவீதம் கூடுதல் வரி. ரெண்டாவது வருஷம் 50, மூணாவது 60, நாலாவது 70. மேல சொன்ன கணக்குல வட்டியை ஓரமா வெச்சுட்டுப் பார்த்தாலும், முதல் வருஷம் 3,950 கூடும், நாலாவது வருஷம் 11,060 கூடும். அதுக்கு நடுவுல துறையே அந்த வருஷக் கணக்கை எடுத்து மதிப்பீடு ஆரம்பிச்சுட்டா இந்த வழியும் அடைபட்டுடும். அப்புறம் 270ஏ பிரிவு வரும். வருமானத்தைக் குறைச்சுக் காட்டினதா முடிவானா, அந்த வருமானத்துக்கான வரியில 50 சதவீதம் அபராதம். தெரிஞ்சே மறைச்சதா முடிவானா 200 சதவீதம்.

"இதெல்லாம் அவங்களுக்கு எப்படித் தெரியப்போகுது"ன்னு இன்னும் நினைக்கறீங்களா? 2021 நவம்பர்ல இருந்து ஏ.ஐ.எஸ். இருக்கு. எஃப்.டி. வட்டி, டிவிடெண்ட், ஷேர் விற்றது, டி.டி.எஸ். எல்லாம் உங்க பான் எண்ணுக்குக் கீழ வரிசையா நிக்கும். டெஸ்டுக்கு முந்தின ரெண்டு நாள் மட்டும் சாதத்தைக் குறைச்சு ஃபாஸ்டிங் சுகரை அழகாக் காட்டறவங்க உண்டு. ஹெச்.பி.ஏ.1.சி. எடுத்தா மூணு மாசக் கதையும் வெளிய வந்துடும். ஏ.ஐ.எஸ். அந்த மாதிரிதான்.

அதுக்காக அதுல இருக்கிறது எல்லாம் வேதவாக்கும் இல்லை. ஒரே தொகை ரெண்டு தடவை வந்திருக்கலாம். கணவன் மனைவி ஜாயின்ட் அக்கவுண்ட்னா வட்டி முழுக்க முதல் பெயர்ல விழுந்திருக்கும். தப்பா இருந்தா அங்கேயே மறுப்பு பதியலாம். அதே மாதிரி, அதுல இல்லைங்கறதுக்காக ஒரு வருமானத்துக்கு வரி இல்லைன்னும் ஆகாது.

இளம் டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை. சாயங்கால ஆஸ்பத்திரி உங்களுக்குக் கொடுக்கிறது சம்பளம் இல்லை, தொழில்முறைக் கட்டணம். அதை வெச்சுக்கிட்டு ஐ.டி.ஆர்.-1 போடவே முடியாது. 44ஏடிஏ பிரிவுல, வந்த ஃபீஸ்ல குறைஞ்சது பாதியை வருமானமாக் காட்டி ஐ.டி.ஆர்.-4 போடலாம். 4 லட்சம் ஃபீஸ்னா 2 லட்சம் வருமானம். நீங்க 30 சதவீத வரம்புல இருந்தா அதுக்கு வரி 62,400. பிடிச்ச டி.டி.எஸ். 40,000 தான். மீதி யார் கட்டறது? இதுல அட்வான்ஸ் டாக்ஸ் கட்டாததுக்கு மாசம் 1 சதவீத வட்டியும் ஓடிக்கிட்டிருக்கும். டீச்சரம்மாவுக்கு அந்த வட்டி இல்லை. தொழில் வருமானம் இல்லாத 60 வயசு தாண்டினவங்களுக்கு அட்வான்ஸ் டாக்ஸே கிடையாது.

இவ்வளவு சொன்னதுக்கப்புறம் அரசாங்கத்துக்கும் ஒண்ணு சொல்லணும். நாலு வருஷம் அவகாசம் கொடுத்ததை மனசாரப் பாராட்டறேன். ஆனா வங்கியே தகவல் கொடுத்து, டி.டி.எஸ்.ஸும் பிடிச்ச ஒரு வட்டியை மறந்த பென்ஷனருக்கும், ரொக்கமா வாங்கி பீரோவுல வெச்சவருக்கும் ஒரே 70 சதவீதம்கறது எந்த ஊர் நியாயம்? முதலாமவரால எதையும் மறைக்கவே முடியாது. அவருக்கு ஒரு சின்ன தொகை வரைக்கும் இந்தக் கூடுதல் வரியை எடுத்துட்டா கஜானா ஒண்ணும் காலியாகாது, நிறைய பேர் தானா வந்து கட்டுவாங்க. இன்னொண்ணு, அப்டேட்டட் ரிட்டர்ன்ல நீங்க கொடுக்க மட்டும்தான் முடியும். மறந்துபோன கழிவைக் கேட்டு ரீஃபண்ட் வாங்க முடியாது. அதுக்கு டிசம்பர் 31 தாண்டினா தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனியா மனு போட்டு அலையணும். கொடுக்கிற கதவு நாலு வருஷம், வாங்கிற கதவு மூணரை மாசமா?

சரி, செய்ய வேண்டியது. மெசேஜ்ல இருக்கிற லிங்க்கை அமுக்காதீங்க, மோசடி மெசேஜும் இதே சீசன்லதான் வரும். துறையோட போர்ட்டல்ல பான் போட்டு நீங்களே உள்ள போய் ஏ.ஐ.எஸ்.ஸை இறக்குங்க. வங்கியோட வட்டிச் சான்றிதழோட ஒப்பிடுங்க. பாக்கி வரியை "செல்ஃப் அசெஸ்மென்ட் டாக்ஸ்"னு கட்டும்போது மதிப்பீட்டு ஆண்டு 2025-26 தானான்னு ரெண்டு தடவை பாருங்க. நிறைய பேர் அங்கதான் வழுக்கறாங்க. திருத்திய ரிட்டர்ன்ல பழைய ரிட்டர்னோட ரசீது எண்ணும் தேதியும் கேட்கும். போட்டு முடிச்சு 30 நாளுக்குள்ள இ-வெரிஃபை பண்ணணும்.

டீச்சரம்மா பையன்கிட்ட சொன்னாங்க. அவர் ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் உட்கார்ந்து முடிச்சுட்டார். இந்த வாரம் வந்தப்போ 138/84. மாத்திரையை நான் மாத்தலை.

உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட "எஃப்.டி. வட்டியை ரிட்டர்ன்ல காட்டினீங்களா?"ன்னு இன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது கேளுங்க. அதட்டாம கேளுங்க. கடைசி வாரம் ஆடிட்டர் போனை எடுக்க மாட்டார்.