சென்னைக்காரரை மணந்த ருஷ்யச் சித்திரக்காரி



பாரதியார் என்று சொன்னால் போதும், தோட்டத் தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை கூடத் தலைப்பாகையையும் முறுக்கு மீசையையும் சொல்லிவிடும். அவர் "இந்தியா" என்ற பத்திரிகையை நடத்தினார் என்பதும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1908ஆம் ஆண்டில் வெள்ளைக்கார அரசாங்கம் அந்தப் பத்திரிகையின் மேல் பாய்ந்தது. பத்திரிகை சென்னையை விட்டுப் புதுச்சேரிக்குப் போனது. அப்போது அதன் பணியில் கூட நின்ற இளைஞர்களில் ஒருவர் மண்டயம் பார்த்தசாரதி திருமலாச்சாரியார். எம்.பி.டி. ஆச்சார்யா என்று சரித்திரப் புத்தகங்கள் எழுதும். அந்த ஆண்டே அவர் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். லண்டன், பாரிஸ், பெர்லின், துருக்கி, அமெரிக்கா, காபூல், ருஷ்யா என்று அவர் கால் படாத இடம் குறைவு.

ஆனால் இந்தத் தடவை நான் சொல்ல வந்தது அவர் கதையல்ல. அவர் மனைவியின் கதை. அந்த அம்மாள் பெயர் மக்தா நாக்மன். ருஷ்யாவில் பிறந்து, பம்பாயில் கண்ணை மூடிய சித்திரக்காரி.

1889 ஜூலை 20ஆம் தேதி செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் மக்தா பிறந்தார். தகப்பனார் யூத இனத்து வக்கீல், ரீகா ஊர்க்காரர். தாயார் ஜெர்மன் வம்சத்துக் கிறிஸ்தவப் பெண். வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. படிப்பு முடிந்ததும் அந்தப் பெண் சித்திரம்தான் கற்பேன் என்றாள். அந்தக் காலத்தில், அதுவும் ஒரு பெண், சித்திரத்தையே பிழைப்பாக்கிக் கொள்வது என்றால் அங்கேயும் லேசான காரியமில்லை.

நல்ல வேளையாக அதே நகரத்தில் ஸ்வான்த்சேவா என்ற ஒரு பெண்மணி 1906ல் ஓவியப் பள்ளி ஒன்று தொடங்கியிருந்தார். பாரிஸ் நாட்டிய மேடைகளுக்கு உடையும் திரையும் வரைந்து பெயர் வாங்கிய லியோன் பக்ஸ்த் அங்கே ஆசிரியர். அவர் பாரிசுக்குப் போன பிறகு பெத்ரோவ் வோத்கின் என்பவர் வந்தார். சிவப்புக் குதிரையைக் குளிப்பாட்டும் படத்தை 1912ல் வரைந்தாரே, அவர்தான். பின்னாளில் உலகம் முழுவதும் கொண்டாடிய மார்க் ஷகாலும் அந்தப் பள்ளியில் மக்தாவோடு படித்தவர்.

1910ல் அந்தப் பள்ளி மாணவர்களின் சித்திரங்களை ஒரு பத்திரிகை அலுவலகத்தில் கண்காட்சியாக வைத்தார்கள். எந்தப் படத்திலும் வரைந்தவர் பெயர் இல்லை. வெறும் எண்தான். நாங்கள் எல்லோரும் ஒரு கூட்டம், தனிப் பெயர் எதற்கு என்று அந்த இளைஞர்கள் நினைத்தார்கள். செக்ரோல் புத்தகத்தில் எண்ணாக இருந்து பழகிய நம் ஆயாக்களிடம் இதைச் சொன்னால் சிரித்திருப்பார்கள். பெயர் இருக்கிறவர்களுக்குத்தான் பெயர் வேண்டாம் என்று சொல்லும் தைரியம் வரும்! அன்று விளையாட்டாகப் பெயரை எடுத்தார்கள். மக்தாவுக்கோ பிறகு வாழ்நாள் முழுவதும் அதுவே நடந்தது.

நம் சி ரூசாப் பக்கத்துக்கு விடுமுறை நாளில் பட்டணத்துக்காரர்கள் கடல் பார்க்க வருவதை நீங்கள் பார்க்கிறீர்கள் அல்லவா? அதுபோல ருஷ்யக் கவிஞர்களும் சித்திரக்காரர்களும் கோடையில் கூடிய ஊர் ஒன்று உண்டு. கருங்கடல் ஓரத்தில் கொக்தெபெல் என்று பெயர். 1913ல் அங்கே மக்தா ஓர் இளம் பெண்ணை உட்கார வைத்து வரைந்தார். அவள் மரீனா ஸ்வெத்தாயெவா. வயது 20. ருஷ்ய மொழியின் மாபெரும் கவிஞர்களில் ஒருத்தி என்று இன்று அவளைச் சொல்கிறார்கள். அந்தப் படம் தப்பிப் பிழைத்து, அவளைப் பற்றிய புத்தகங்களில் வருகிறது. படத்தைப் பார்ப்பவர்கள் கவிஞரைத் தெரிந்து கொள்கிறார்கள். தூரிகை பிடித்த கை யாருடையது என்று கேட்பவர்கள் குறைவு. மரீனாவின் கணவரையும் மக்தா வரைந்தார். அந்தப் படம் போன இடம் தெரியவில்லை.

1914ல் யுத்தம் வந்தது. 1917ல் புரட்சி வந்தது. அதற்குப் பின் உள்நாட்டுச் சண்டை, பஞ்சம். வசதியாக வளர்ந்த மக்தா பட்டணத்தை விட்டுக் கிராமங்களுக்குப் போய்க் கணக்குப் பிள்ளை வேலை பார்த்தார். பிறகு ஒரு சின்ன ஊரில் மரீனாவின் நாத்தனார் லீல்யா கிராமத்து ஜனங்களை வைத்து நாடகம் போட்டபோது, மேடைக்குக் காட்சி அமைக்கும் பொறுப்பை மக்தா ஏற்றார். தோட்டத்துத் திருவிழாவில் சாக்குப் படுதாவின் மேல் அரண்மனையும் காடும் எழுதி நாடகம் பார்த்த தலைமுறை நம்மிடமும் உண்டு. அந்த வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சாயம் கிடைக்காது, துணி கிடைக்காது, வயிற்றுக்கும் சரியாகக் கிடைக்காது. ஆனால் திரை மட்டும் நேரத்துக்குத் தூக்கியாக வேண்டும்.

இந்தச் சமயத்தில்தான் நம்மவர் வருகிறார். 1920 அக்டோபரில் தாஷ்கண்டில் வெளிநாட்டு இந்தியர்கள் சிலர் கூடி இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியை அமைத்தார்கள். அதற்குத் தலைவராக இருந்தவர் ஆச்சார்யா. ஆனால் கூட இருந்தவர்களோடு ஒத்துப் போகாமல் சில மாதங்களிலேயே வெளியேற்றப்பட்டார். மாஸ்கோவுக்கு வந்தவர் 1921ல் மக்தாவைச் சந்தித்தார். சென்னை வைதீகக் குடும்பத்துப் பிள்ளையும் பீட்டர்ஸ்பர்க் வக்கீல் மகளும் கணவன் மனைவி ஆனார்கள். 1922ல் இருவரும் பெர்லினுக்குப் புறப்பட்டார்கள். மக்தா அதன் பிறகு சொந்த நாட்டில் குடியிருக்கவில்லை.

பெர்லினில் ஆச்சார்யா கட்டுரை எழுதினார், கடிதம் எழுதினார், உலகமெங்கும் உள்ள தோழர்களோடு தொடர்பு வைத்திருந்தார். பிரிட்டிஷ் போலீசும் அவர் மேல் ஒரு கண் வைத்திருந்தது. இதையெல்லாம் சரித்திரக்காரர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் கொள்கையினால் உலை கொதிப்பதில்லையே! அந்த வீட்டில் கைக்கு வந்த காசில் பெரும்பகுதி மக்தா உருவப்படம் வரைந்து சம்பாதித்தது. இதைச் சொல்வதால் ஆச்சார்யாவை நான் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். சங்கம், கூட்டம் என்று அலைந்த எத்தனையோ நல்ல மனிதர்கள் நம் தோட்டங்களிலும் இருந்தார்கள். விடியற்காலையில் வெட்டுக்குப் போய் அவர்கள் வீட்டு அடுப்பை எரிய வைத்தவர்கள் யார் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

1928ல் மக்தாவின் கண்காட்சி ஒன்றைப் பற்றி அங்கிருந்த ருஷ்யப் பத்திரிகையில் ஓர் இளம் எழுத்தாளர் விமர்சனம் எழுதினார். அவர் விளாதிமிர் நபக்கோவ். பிற்காலத்தில் ஆங்கில நாவல்களால் புகழ் அடைந்தவர். அவரையும் அவர் மனைவியையும் தாயாரையும் 1933ல் மக்தா வரைந்தார். அதே 1933ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். மனைவியின் தகப்பனார் யூதர், கணவர் நிறம் கறுத்த இந்தியர், போதாக்குறைக்கு அரசியல்வாதி. அங்கே இனி இருக்க முடியுமா? 1934ல் ஸ்விட்சர்லாந்துக்குப் போனார்கள். 1935ல் ஆச்சார்யா பம்பாயில் இறங்கினார். அவர் இந்தியாவை விட்டு 27 வருஷம் ஆகியிருந்தது. மறு வருஷம் மக்தா வந்து சேர்ந்தார்.

அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 47. அந்த வயதில் புது நாடு, புது வெயில், புது முகங்கள். நம் பாட்டிமார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தது பெரும்பாலும் இளம் வயதில். மக்தா வந்தது முடி நரைக்கிற வயதில். ஆனாலும் அவர் முடங்கிப் போகவில்லை. பம்பாய் ஓவியச் சங்கக் கண்காட்சிகளில் படங்களை வைத்தார். புத்தகங்களுக்குச் சித்திரம் வரைந்து கொடுத்தார். பணக்காரர் வீட்டு உருவப்படங்கள் வயிற்றுக்கு. தனக்காக வரைந்ததோ ஏழை எளியவர்களின் முகங்கள். ஹிட்லருக்குத் தப்பி வியன்னாவிலிருந்து 1939ல் பம்பாய் வந்த ஹில்டே ஹோல்கர் என்ற நடனக்காரியும் அவருக்குச் சிநேகிதி ஆனார். நடனப் பெண்களை மக்தா வரைந்தார். ஹுசேன், சூசா, ரசா, ஆரா போன்ற இளைஞர்கள் 1947ல் புதிய ஓவியர் குழு ஒன்றை அமைத்தார்களே, அவர்கள் தலையெடுத்ததும் அதே பம்பாயில்தான். ஐரோப்பாவின் நல்ல பள்ளியில் படித்த இந்த மூத்த பெண்மணி அவர்கள் நடமாடிய வட்டத்தில் மதிப்போடு இருந்தார்.

1951 பிப்ரவரி 12ஆம் தேதி. நம் நாட்டில் அவசர காலம், தோட்டங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்த நாட்கள். பம்பாயில் அயல்மொழிக் கழகத்தில் மக்தாவின் படங்கள் மட்டும் கொண்ட தனிக் கண்காட்சிக்கு எல்லாம் தயார். படங்கள் சுவரில் மாட்டியாகிவிட்டது. திறப்பு விழாவுக்குச் சில மணி நேரம்தான் பாக்கி. அன்றுதான் அந்த அம்மாள் உயிர் பிரிந்தது. வயது 61.

ஆச்சார்யா மூன்று வருஷம் வறுமையிலும் நோயிலும் கிடந்து 1954 மார்ச்சில் பம்பாயிலேயே காலமானார். சரித்திரத்தில் அவருக்கு ஓரளவு இடம் கிடைத்தது. மக்தாவின் படங்களில் பல ருஷ்யாவிலும் ஜெர்மனியிலும் இந்தியாவிலுமாகச் சிதறி, கண்ணுக்கு அகப்படாமல் போயின.

பிறகு நமக்கு இந்த விவரமெல்லாம் எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். யூலியா ஒபலென்ஸ்காயா என்று ஒரு தோழி. ஓவியப் பள்ளியில் கூடப் படித்தவர். மக்தா அவருக்கு விடாமல் கடிதம் எழுதினார். எந்த ஊரில் என்ன வேலை, என்ன வரைகிறேன், என்ன சாப்பிட்டேன், எதற்கு அழுதேன் என்று மனம் விட்டு எழுதிய கடிதங்கள். யூலியா அவற்றைக் கிழித்துப் போடவில்லை. 1945ல் அவரும் இறந்துவிட்டார், ஆனால் கடிதங்கள் ருஷ்யக் காப்பகத்தில் தங்கிவிட்டன. லீனா பெர்ன்ஸ்டைன் என்ற ஆராய்ச்சிக்காரப் பெண்மணி அவற்றைத் தேடிப் படித்து, மக்தாவின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் முழுப் புத்தகமாக 2020ல் வெளியிட்டார். இறந்து ஏறக்குறைய 70 வருஷம் கழித்து!

சகோதரிகளே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் தோட்டத்தில் கோயில் சுவருக்குச் சாமி எழுதிய பெண், நாடகப் படுதா வரைந்த பெண், பள்ளிக்கூடச் சுவரில் படம் போட்ட பெண் யாராவது இருந்தார்களா? தோட்டம் துண்டாடப்பட்டிருக்கலாம், லயத்து வீடுகளை இடித்திருக்கலாம், கித்தா மரம் இருந்த இடத்தில் செம்பனையோ வீடமைப்புத் திட்டமோ வந்திருக்கலாம். பாட்டிமாரைக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பெண்ணின் பெயர், தோட்டத்தின் பெயர், ஏறக்குறைய எந்த வருஷம், என்ன வரைந்தாள் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள். படம் இருந்தால் அதையும் பிரதி எடுத்து வையுங்கள். மூலப் படத்தைத் தபாலில் போட வேண்டாம்.