தைராய்டு அறுவை: குரலுக்கும் ஒரு பதிவேடு வேண்டும்

சென்னையில் தைராய்டு சுரப்பியை அகற்றும் அறுவை சிகிச்சை அன்றாடம் நடக்கிறது. உயிராபத்து மிக அரிது. பலரும் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுகிறார்கள். ஆனால், சுரப்பியின் பின்புறம், மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் ஓடும் மெல்லிய நரம்பு இழுபட்டாலோ, சூடுபட்டாலோ, அறுபட்டாலோ அந்தப் பக்கத்துக் குரல்நாண் அசைவற்றுப்போகும். சுரப்பியின் மேல்முனையருகே இன்னொரு நரம்புக் கிளை உண்டு. குரல்நாணை இழுத்து நீட்டும் தசையை இயக்குவது அதுதான். அது பழுதானால் பேச்சில் பெரிதாக எதுவும் தெரியாது. மேல் ஸ்தாயி மட்டும் எட்டாமல் போகும். மயிலாப்பூர் சபாவில் பாடுபவர், கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவார், தி.நகர் கடை வாசலில் நாள் முழுக்கக் கூவி விற்பவர், அடையாறில் வகுப்பெடுக்கும் ஆசிரியை என எத்தனையோ பேருக்குக் குரலே பிழைப்பு. அவர்களின் நரம்புகளைக் காக்க முதலில் செய்ய வேண்டியது, பாதிப்பை நேர்மையாக எண்ணுவது. அதற்கு, அறுவைக்கு முன்பும் பின்பும் ஒவ்வொருவரின் குரல்நாணையும் பார்த்துப் பதிவுசெய்வது கட்டாயமாக வேண்டும்.

நரம்பைத் தொடாமல் ஒதுங்கிப்போவதே பாதுகாப்பு என்று ஒரு காலத்தில் பலரும் கருதினார்கள். ஒவ்வொரு அறுவையிலும் நரம்பைத் தேடிக் கண்டு, கண்முன் வைத்துக்கொண்டே சுரப்பியை எடுக்க வேண்டும் என்று பாஸ்டனின் ஃபிராங்க் லேஹி 1938-ல் வலியுறுத்தினார். இன்று அதுவே உலகெங்கும் விதி. தேர்ந்தவர்கள் செய்யும்போது நிரந்தரப் பாதிப்பு நூற்றுக்கு ஒன்றிரண்டு என்றும், தற்காலிகப் பாதிப்பு அதைவிடப் பல மடங்கு என்றும் பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால், இந்த எண்கள் தேடிப் பார்ப்பதைப் பொறுத்தவை. 3,660 பேரை உள்ளடக்கி 2008-ல் வெளியான ஸ்காண்டிநேவியப் பதிவேட்டு ஆய்வில், அறுவைக்குப் பின் வழக்கமாகவே குரல்வளையைச் சோதித்தபோது பதிவான பாதிப்பு இரு மடங்காக இருந்தது. காரணம் எளிது. ஒரு குரல்நாண் செயலிழந்தாலும் மற்றொன்று ஈடுகட்டுவதால் குரல் ஓரளவு சரியாகவே ஒலிக்கலாம். கரகரப்பு இருந்தாலும் மயக்க மருந்துக் குழாயின் மீது பழியைப் போட்டுவிடுவது சுலபம்.

நரம்பின் மின்சைகையைக் காட்டும் மானிட்டர் கருவி வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். கருவி பயனுள்ளதுதான். ஒரு பக்கத்தில் சைகை நின்றுபோனால் மறுபக்க அறுவையைத் தள்ளிவைக்க அது உதவுகிறது. இரு குரல்நாண்களும் செயலிழந்தால் மூச்சுவிடக் கழுத்தில் துளையிட நேரலாம் என்பதால் இது சிறிய நன்மையல்ல. ஆனால், நரம்பைக் கண்ணால் பார்த்துச் செய்வதைவிடக் கருவியும் சேர்ந்தால் நிரந்தரப் பாதிப்பு குறைகிறது என்பதை ஆய்வுகள் ஐயமற நிறுவவில்லை. கருவியை வாங்கிவிட்ட மருத்துவமனையும் தன் விளைவுகளை எண்ணித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு எதிர்வாதம் வலுவானது. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2013 வழிகாட்டுதல் எல்லோருக்கும் குரல்நாண் சோதனையைக் கட்டாயமாக்கவில்லை. குரல் மாறியவர்கள், முன்பே கழுத்தில் அறுவை செய்துகொண்டவர்கள் போன்றோருக்கே வலியுறுத்துகிறது. ஆனால் குரல் மாறியதா என்பதைக் கவனித்துச் சொல்ல, அறுவைக்குப் பிறகு நோயாளி தவறாமல் திரும்பி வர வேண்டும். வெளியூரிலிருந்து வந்து போகிறவர்களிடம் அதை எதிர்பார்க்க முடியாது. மூக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திப் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும், மயக்கமும் தேவையில்லை. பதிவேடு வழக்குகளுக்கு வழிவகுக்கும் என்று மருத்துவர்கள் அஞ்சலாம். ஆனால் அறுவைக்கு முன்பே செயலிழந்திருந்த குரல்நாணுக்கு அவர்கள் பழி சுமக்காமல் காப்பதும் அதே பதிவேடுதான். நோயாளியிடம் ஒப்புதல் பெறவும் இந்த எண்ணிக்கை வேண்டும். ஒப்புதல் குறித்த சமீரா கோலி வழக்கில் 2008-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கணிசமான அபாயங்களை நோயாளிக்குச் சொல்ல வேண்டும், மிக அரிதானவற்றைச் சொல்லத் தேவையில்லை என்றது. தன் மருத்துவமனையின் எண்ணிக்கையே தெரியாதவர், குரலிழப்பு எந்த வகை என்று எப்படிப் பிரிப்பார்?

சென்னைக்கு இது எட்டாத காரியமல்ல. சென்னை மருத்துவக் கல்லூரியில் நாளமில்லாச் சுரப்பிகளுக்கென்றே தனி அறுவைத் துறை இருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனம், மாநகரின் புற்றுநோயாளிகளை 1980-களிலிருந்து பதிவேட்டில் எண்ணிவருகிறது. எண்ணுவதன் பயனை இந்த ஊர் அறியும். முன்னும் பின்னும் குரல்நாணின் நிலை, அறுவையில் நரம்பு கண்ணால் காணப்பட்டதா, ஆறு மாதம் கழித்துக் குரல் எப்படி, பாடகரானால் எட்டும் ஸ்தாயி எது என்று நான்கு விவரங்கள் போதும். மருத்துவர் பெயரின்றி, மருத்துவமனைவாரியாக ஆண்டுதோறும் வெளியிடலாம். சுகாதாரத் துறை முதலில் அரசு மருத்துவமனைகளில் இதைத் தொடங்கினால், தனியாரிடமும் நோயாளிகள் அதையே கேட்பார்கள். பார்க்காமலே ‘எங்களிடம் குரல் பாதிப்பு இல்லை’ என்று சொல்லும் மருத்துவமனையைவிட, பார்த்துவிட்டு ‘நூற்றுக்கு இரண்டு’ என்று சொல்லும் மருத்துவமனையே நம்பத் தகுந்தது.