'மாத்திரை சாப்பிடுறீங்களா?' - கேள்வியை மாற்றச் சொல்லும் படிப்பு!

கர்ப்பிணியிடம் 'இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுறீங்களா?' என்று கேட்டால், 'ம்...' என்று தலையாட்டிவிடுவார். 'எப்போ, எதோட சாப்பிடுறீங்க?' என்று கேட்டுப்பாருங்கள். 'காலையில டீயோட' என்பார் ஒருவர். 'மலம் கறுப்பா போச்சு, பயந்து நிறுத்திட்டேன்' என்பார் இன்னொருவர்.

இப்படி விசாரித்து, புரியவைப்பதும் மிட்வைஃப் வேலைதான். நர்ஸிங் முடித்தவர்களுக்கு 18 மாத 'நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃபரி' படிப்பு இருக்கிறது. மிட்வைஃப் சேவைக்கான வழிகாட்டுதலை மத்திய அரசு 2018-ல் வெளியிட்டது. பிரசவம் பார்ப்பதோடு, கர்ப்பகால ஆரோக்கியமும் இதில் பாடம்.

ஏன் அவசியம்? 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அவர்களுக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமானால் உயிருக்கே ஆபத்து.

இரும்புச்சத்து மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம். கால்சியம் மாத்திரையைச் சேர்த்துப் போடாமல், 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மாத்திரையால் மலம் கறுப்பாவது இயல்பு. ஏற்கெனவே நிறுத்தியிருந்தால், அடுத்த செக்கப்பில் மறைக்காமல் சொல்லுங்கள்.

வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாரா? இன்று நீங்களும் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்!