தொந்தியில் புகையும் நெருப்பு

நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளின் ஓசையைக் கேட்டால், பாரதத்தின் பாதிச் சரக்கை இந்தச் சீமைதான் சுமக்கிறதோ என்று தோன்றும். அந்த லாரிகளை ஓட்டும் டிரைவர்களில் கை காலெல்லாம் மெலிந்து, தொந்தி மட்டும் சரிந்தவர்கள் உண்டு. "சம்பாத்தியம் வயிற்றில் தெரிகிறது!" என்று வீட்டார் சிரிக்கிறார்கள். சிரிக்கத் தக்க விஷயமல்ல என்பது நமது அபிப்பிராயம்.

கொழுப்பு என்பது ஜாடியில் ஊற்றி வைத்த நெய்யைப் போல் சும்மா இருப்பதன்று. குடலைச் சுற்றி அது மிதமிஞ்சிச் சேரும்போது கொழுப்பணுக்கள் பருத்துத் திணறுகின்றன. காவற்காரர்களான வெள்ளை அணுக்கள் ஏதோ விபத்தென்று எண்ணி அங்கே கூடிவிடுகின்றன. முள் குத்திய விரல் சிவந்து வீங்குகிறதே, அதே அழற்சிதான். ஆனால் விரலின் அழற்சி நாலு நாளில் அடங்கும். இதுவோ வலியின்றி, ஜுரமின்றி, வருஷக்கணக்கில் உமி நெருப்பைப் போல் கனிந்துகொண்டே யிருக்கும். அங்கே பிறக்கும் ரசாயனப் பொருள்கள், சர்க்கரையை உள்ளே விடும்படி தசை அணுக்களுக்கு இன்சுலின் இடும் உத்தரவைத் தடுக்கின்றன. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து பார்க்கிறது. அது ஈடுகொடுக்க முடியாமல் ஓயும்போது நீரிழிவு வந்து சேருகிறது.

இந்தச் சந்தேகம் பழையது. 1876-ல் ஜெர்மானிய வைத்தியர் எப்ஸ்டைன், அழற்சியைத் தணிக்கும் ஸாலிஸிலேட் உப்பை நோயாளிகளுக்குக் கொடுத்து, சிறுநீரில் சர்க்கரை குறைவதைக் கண்டார். 1993-ல் அமெரிக்காவில் ஹோத்தமிஸ்லிகிலும் அவருடைய சகாக்களும், பருத்த எலிகளின் கொழுப்பே அழற்சிப் பொருளொன்றை உண்டாக்குவதையும், அதை முறித்தால் இன்சுலின் முன்னிலும் நன்றாக வேலை செய்வதையும் காட்டினார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் ஆஸ்பிரின் வாங்க ஓடவேண்டாம்! பெரிய அளவில் அவ்வகை மருந்து காதை இரையவைக்கும், வயிற்றைப் புண்ணாக்கும்.

தையற்காரரின் நாடா ஒன்று போதும். நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்று வைத்தியர்கள் எல்லை வகுத்திருக்கிறார்கள். இரவு விழிப்பும் பீடியும் அழற்சியை ஊதிவிடுகின்றன. சரக்கு குறித்த நேரத்தில் போய்ச் சேரவேண்டுமென்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். வேலை செய்யும் தசை இன்சுலினின் தயவில்லாமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஆகையால் உண்டதும் ஆசனத்தில் ஏறாமல், லாரியைச் சுற்றிப் பத்து நிமிஷம் நடப்பதுகூட வீண்போகாது.

பழைய சேலம் ஜில்லாவைச் சேர்ந்த கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டு 5-ந் தேதி 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. வீடு தேடி வந்து சர்க்கரையைச் சோதிக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஊழியர்கள் வரும் நேரத்தில் டிரைவர் நாகபுரியிலோ கௌஹாத்தியிலோ அல்லவா இருப்பார்? லாரிப் பேட்டைகளில், இரவு நேரத்தில், அந்தச் சோதனை நடக்க வேண்டும்.